ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

மூடியதை மூடச் சொல்லி

கோகிலா மேடம் மனுவை நீட்டியபோது நான் கேட்டின் கீலுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கறுப்பு. அதனால் இரண்டு விரல் நுனியால் காகிதத்தை வாங்கினேன். அவர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார்.

"படிச்சுப் பாருங்க."

நான் பத்தாவது வரை படித்தவன். மெதுவாகத்தான் படிப்பேன். 'மூடப்பட்ட கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை உடனடியாக மூடக் கோருதல்' என்று மேலே போட்டிருந்தது. பின்னால் நான்கு பக்கம் கையெழுத்து.

"மூடி எட்டு மாசம் ஆகுதுங்க மேடம்."

"தெரியுங்க. மூடிட்டம்னு சொல்லிப்போட்டு நீங்க உள்ளார ஓட்டிட்டு இருக்கறீங்க. பத்து நாளா நாத்தம் குடலைப் பொரட்டுது. மோட்டார் சத்தம் என்ற பெட்ரூம் வரைக்கும் கேக்குது."

"அது ஒரே ஒரு மோட்டாருங்க."

"அப்ப ஓடுது."

"ஓடுதுங்க."

"மூடின எடத்துல உங்களுக்கு என்னங்ணா வேலை?"

"மூடினதைப் பார்த்துக்கறதுதாங்க."

பிள்ளைகளே, இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. என் உத்தரவில் அப்படித்தான் இருந்தது. 'மூடப்பட்ட நிலையத்தைப் பராமரிக்க' என்று.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் எடுத்துப் பார்ப்பவர்களுக்காக ஒரு வரி. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, கூவத்தின் கரையில், எங்கள் நகராட்சியின் பழைய கழிவுநீர் நிலையம் இருக்கிறது. அங்கே நான் ஆபரேட்டர். மதில் சுவரை ஒட்டிப் பதினான்கு மாடியில் ஓர் அடுக்ககம். அதன் பெயரில் நதி இருக்கிறது. ஆனால் நதிப் பக்கம் ஒரு ஜன்னலும் திறக்காதபடி கட்டியிருக்கிறார்கள். கோகிலா மேடம் அந்த அடுக்ககத்தின் சங்கச் செயலாளர். கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை.

இரண்டு வருஷம் முன்னாலும் ஒரு மனு கொடுத்தார்கள். பிறகு நிலையம் மூடியதும், தங்கள் மனுவால்தான் மூடினார்கள் என்று நினைத்துக் கேக் வெட்டினார்கள். உண்மையில் ஊருக்கு வெளியே புதிதாகப் பெரிய நிலையம் கட்டி, எல்லாக் குழாயையும் அங்கே திருப்பிவிட்டார்கள். கேக்கில் ஒரு துண்டு எனக்கும் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

ஒரு தெருவை மறந்துவிட்டார்கள்

எல்லாக் குழாயையும் என்று சொன்னேன். அது சரியில்லை. ஒரே ஒரு தெருவை மறந்துவிட்டார்கள். அது எங்கள் தெரு.

எங்கள் அப்பா காலத்தில் அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் மற்றவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது பாதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார்கள், மீதிப் பேர் டெலிவரி பையோடு வண்டியில் சுற்றுகிறார்கள். அந்த நாற்பது வீட்டுக் கழிவுநீர் மட்டும் பழைய வழியிலேயே என்னிடம் வந்துகொண்டிருந்தது. என் வீட்டுத் தண்ணீர் எனக்கு முன்னால் வேலைக்கு வந்துவிடும்.

என்ஜினியர் மேடத்திடம் சொன்னேன். "அந்தத் தெருவை மாத்தற வரைக்கும் ஒரு தொட்டியை மட்டும் ஓட்டுங்க ஏழுமலை," என்றார். அதுதான் அந்த ஒரு மோட்டார்.

அந்தத் தொட்டியில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாங்கள் 'பூச்சி' என்போம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். கோடிக்கணக்கில் சேர்ந்து, பழுப்பாக, டிகாஷன் வண்டல் மாதிரி தண்ணீரில் மிதக்கும். நாம் கழித்துவிட்டதை அவை சாப்பிடும். அவற்றுக்கு இரண்டே தேவைகள்: சாப்பாடும் காற்றும். மோட்டார் கீழேயிருந்து காற்றைக் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அடுத்த தொட்டியில் அவை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அது கூவத்துக்குப் போகும்.

நாற்பது வீடு அவற்றுக்குப் பத்தவில்லை. ஆளுக்கு ஒரு வாய் கூட வராது. அதனால் வாரம் இரண்டு தரம் சாணியைக் கரைத்து, வெல்லத்தை நுணுக்கிப் போட்டு ஊற்றுவேன். இது எங்கள் வேலையில் வழக்கம்தான். ஆனால் சுவருக்கு மேலே பதினான்கு மாடியிலிருந்து பார்த்தவர்கள், வாட்ஸ்அப்பில் நான் ஏதோ பரிகாரம் செய்வதாக எழுதினார்களாம்.

என் மகள் தேன்மொழி ஆறாம் வகுப்பில், "எங்கப்பா கோடிப் பேருக்குச் சாப்பாடு போடறாரு" என்று சொல்லிவிட்டாள். ஆண்டு விழாவுக்குப் பிரியாணி எவ்வளவில் முடியும் என்று டீச்சர் எனக்குப் போன் பண்ணினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேடம் மனுவோடு வந்தது மாதத்தின் இருபதாம் தேதி வாக்கில். முப்பதாம் தேதி எங்கள் தெருவையும் புதிய குழாயில் சேர்த்துவிட்டு, நிலையத்தின் மின் இணைப்பைத் துண்டிப்பதாக உத்தரவு வந்திருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு மோட்டாரை நானே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இரண்டு நாளில் பூச்சிகள் மூச்சு முட்டிச் செத்துவிடும். பெரிய நிலையத்தில் கேட்டுப் பார்த்தேன். "எங்ககிட்ட நிறைய இருக்குப்பா," என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ரயில்வே கேட்டில் ஒரு மணி நேரம்

ஏன் தூக்கம் பிடிக்கவில்லை என்றால், அவற்றைக் கொண்டுவந்தவனே நான்தான்.

நிலையம் கட்டிய புதிதில் தொட்டிகள் காலி. தண்ணீரை மட்டும் விட்டால் அது நாறுமே தவிரத் தெளியாது. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, ஓடிக்கொண்டிருக்கும் வேறு நிலையத்திலிருந்து ஒரு லாரி பூச்சி கொண்டுவந்து ஊற்ற வேண்டும். என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கு அப்போது மீசை சரியாக வரவில்லை. லாரியை ஓட்டியவர் கன்னியப்பன் அண்ணன். ஆவடியில் எந்த வீட்டுக் கழிவுத் தொட்டி நிரம்பினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அண்ணனூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். பணிமனைக்குப் போகிற காலி ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் போயின. சித்திரை வெயில். லாரிக்குள் காற்று இல்லை. நான் மேலே ஏறி மூடியைத் திறந்து, மூங்கில் கழியை விட்டுக் கிண்ட ஆரம்பித்தேன். அலைந்தால் கொஞ்சம் காற்று இறங்கும் என்ற நம்பிக்கை.

பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்து, "யோவ், அத ஏன்யா கிண்டற?" என்றார்.

கன்னியப்பன் அண்ணன் தலையை வெளியே நீட்டினார். "ஒனக்கு இன்னா நைனா? புள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது. நீ கண்ணாடிய ஏத்திக்கினு குந்து."

கார்க்காரர் உடனே ஏற்றிக்கொண்டார். அதற்கப்புறம் ஹாரன் அடிக்கவே இல்லை.

அன்று உயிரோடு வந்து சேர்ந்தவற்றின் பிள்ளை, பேரன், எள்ளுப்பேரன்தான் இத்தனை வருஷமும் எங்களிடம் இருந்தவை. எள்ளுப்பேரன் என்பது கணக்கில் ரொம்பக் குறைவு. ஒரே நாளில் பல தலைமுறை வந்துவிடும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

மூக்கு சொல்லும்

'அங்கிள், உங்கள் வேலையில் நாற்றம் அடிக்காதா?' என்று திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு குழந்தை எழுதிக் கேட்டிருக்கிறது. அடிக்கும். ஆனால் எது அடிக்கிறது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

பூச்சி நன்றாக இருந்தால் தொட்டியில் மண் வாசனை வரும். கோடை மழை விழுந்த முதல் பத்து நிமிஷம் தெருவில் வருமே, அது. செத்துப்போனால் அழுகிய முட்டை. மீட்டர் எல்லாம் வைத்திருந்தார்கள். அது பழுதான நாளில் மூக்குதான் மீட்டர். மீட்டர் அடிக்கடி பழுதாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தண்ணீர் கூவத்தில் விழுகிற இடத்தில், ஒரு பஸ் நீளத்துக்கு ஆற்றின் தரை தெரியும். ஆகாயத்தாமரை அங்கே மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும். ஜிலேபி மீன் வரும். மீனுக்குக் கொக்கு வரும். அந்தப் பக்கத்துக் கூவத்தில் இருந்த நல்ல தண்ணீர் எங்கள் ஊர்க் கக்கூஸ் வழியாக வந்த தண்ணீர் ஒன்றுதான். மற்றதெல்லாம் சுத்தம் செய்யாமல் நேராக வந்தது. நிலையத்தை மூடிய பிறகு அந்த இடம் ஓர் ஆட்டோ நீளத்துக்குச் சுருங்கிவிட்டது.

மேடம் மனுவோடு நின்ற அன்று நானும் மூக்கை விட்டுப் பார்த்தேன். முட்டை நாற்றம்தான். ஆனால் என் தொட்டிப் பக்கமிருந்து இல்லை. மதிலை ஒட்டி ஆற்றுக்குப் போகும் மழைநீர்க் கால்வாயிலிருந்து.

"மேடம், இந்தக் கால்வாய் எங்கேர்ந்து வருது?"

அவர் கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். விரல் அவர்கள் அடுக்ககத்துக்கு நேராகப் போய் நின்றது. கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

"இருக்காதுங்க. எங்களுக்கே பேஸ்மென்ட்ல தனியா பிளான்ட் இருக்குது. வேணும்னா வந்து பாருங்க. கோயிலாட்டம் வெச்சிருக்கறோம்."

கோயிலாட்டம்

அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

இரண்டு மாடிக்கு ஆழம், கார்களுக்கு நடுவே ஒரு இரும்புக் கதவு. கதவில் வாடிய மாவிலை. உள்ளே தரையில் காய்ந்த பூசணித் தோல். காற்று மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம். குழாய்களுக்குச் சந்தனம், குங்குமம். தொட்டி மூடிக்குக் காய்ந்த வாழைப்பழத்தில் குத்திய ஊதுவத்தி. மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே கறுப்புத் தண்ணீர். முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது.

"சுவர் எப்படிங்க இவ்ளோ வெள்ளையா இருக்கு?"

"ஆயுத பூஜைக்குக் கழுவினமுங்க," என்றார் மேடம், கொஞ்சம் பெருமையாகவே. "லிப்ட், ஜெனரேட்டர், தண்ணி மோட்டார் எல்லாம் தொடச்சோம். இது மட்டும் கேவலமா இருந்துது. பழுப்பா, சேறாட்டம், அடி வரைக்கும். லாரி வெச்சு மொத்தமும் உறிஞ்சிப்போட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு நல்லாத் தேச்சு, நானே கூட நின்னு கழுவ வெச்சனுங்க."

நான் மூடியை மெதுவாக இறக்கினேன்.

பிள்ளைகளே, எங்கள் நிலையத்திலும் வருஷா வருஷம் ஆயுத பூஜை உண்டு. அம்பத்தூர் பக்கம் பிறந்தவன் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் இருக்க மாட்டான். நாங்கள் மோட்டாருக்கு வைப்போம், மண்வெட்டிக்கு வைப்போம், கேட்டுக்கு வைப்போம். தொட்டியின் உள்ளே மட்டும் துடைக்க மாட்டோம். ஏனென்றால் அந்த அழுக்குதான் ஆயுதம்.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கடைசியில் நேராகவே சொன்னேன்.

"மேடம், அது சேறு இல்லீங்க. வேலை செய்யற ஆளுங்க. ஆயுத பூஜைக்கு நீங்க ஆளுங்களையே கழுவி அனுப்பிட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. சந்தனம் வைத்த குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இந்தப் பத்து நாளும் ஆத்துல போனது..."

"நேராப் போயிருக்குங்க."

"நாலு பக்கம் கையெழுத்து வாங்கினனே."

அதற்குக் குத்தலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். கேக் ஞாபகம் வந்தது.

"என்கிட்ட ஒரு தொட்டி நெறைய இருக்காங்க," என்றேன். "முப்பதாம் தேதி வரைக்கும் இருப்பாங்க. ஒரு லாரி எடுத்து உங்க தொட்டியில விட்டுட்டா பொழைச்சுப்பாங்க. உங்களுக்கும் நாத்தம் போயிடும்."

"உங்க சாக்கடைய எங்க பிளாட்டுக்குள்ளயா?"

"உங்க சாக்கடைதான் மேடம் இப்ப உள்ள இருக்கு. எங்களுது வந்தா சுத்தமாயிடும்."

பிராண்டு என்ன?

சங்கம் கூடியது. நான் கூப்பிடப்படவில்லை. மேடம் போனில் சொல்லித்தான் தெரியும். இருபத்திரண்டாம் தேதி ஒருவர், இந்தப் பூச்சி என்ன பிராண்டு, கம்பெனி எது என்று கேட்டாராம். இருபத்து நாலாம் தேதி இன்னொருவர், பாக்கெட்டில் பொடியாக வருகிறது, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்று சொல்லி வாங்கிப் போட்டார். கறுப்புத் தண்ணீர் கறுப்பாகவே இருந்தது. இருபத்தைந்தில் ஒரு பெரியவர் மட்டும், அந்த நாற்பது வீட்டுக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தாராம். அதற்கு மேடம் என்ன பதில் சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் கூட்டத்துக்கு வரவில்லையாம்.

இதற்குள் நான் தினமும் தொட்டிக்குப் போய் ஜாடியில் ஒரு லிட்டர் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி.

இருபத்தாறாம் தேதி காலையில் மேடம் தனியாக வந்தார். வேலைக்குப் போகிற உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை. "காட்டுங்க," என்றார்.

கண்ணாடி ஜாடியில் பிடித்து மதில் மேல் வைத்தேன். முதலில் முழுக்கப் பழுப்பு. அரை மணி நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் போன் மூன்று தரம் அடித்தது, எடுக்கவில்லை. பழுப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர் நின்றது. அதற்குப் பின்னால் அவர்கள் கட்டடம் இடம் வலம் மாறித் தெரிந்தது.

"மோந்து பாருங்க," என்றேன்.

அவர் முதலில் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்தார். குனிந்தார்.

"மழ பேஞ்சாப்ல இருக்குதுங்ணா."

அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார். "ஓட்டெடுப்பெல்லாம் வேண்டாமுங்க. கழுவச் சொன்னது நானு. நானே பொறுப்பு. லாரி நாளைக்கு வருது."

எத்தனை பேர்?

கன்னியப்பன் அண்ணனுக்கு இப்போது தலை முழுக்க நரை. லாரி வேறு, ஆள் அதே. நான் விஷயத்தைச் சொன்னதும், "இன்னாது, கய்வி ஊத்திட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். "பட்ச்சவங்கப்பா. நாம கய்வ மாட்டோம்."

அடுக்ககத்துக் கேட்டில் காவல்காரர் நிறுத்தினார். அங்கே யார் உள்ளே போனாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர், எந்த வீடு, எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள்.

"உள்ள மொத்தம் எத்தன பேரு?" என்றார் காவல்காரர், வண்டிக்குள் எட்டிப் பார்க்காமலே.

"முன்னாடி ரெண்டு பேரு," என்றார் கன்னியப்பன் அண்ணன். "பின்னாடி ஒரு நூறு கோடி கீறாங்க. எய்திக்கோ மாமே."

"எப்பத் திரும்புவாங்க?"

"அவங்க திரும்ப மாட்டாங்க. இங்கயே குடி வர்றாங்க."

காவல்காரர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் கேட்டைத் தானே இழுத்துத் திறந்தார். பால்கனிகளில் நிறையப் பேர் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். மூன்று மாடி வரை யாரும் பொத்தவில்லை. அவர்களுக்கு மண் வாசனை எட்டியிருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தவர்களுக்கு லாரியைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

முன்னமே கறுப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, பிளீச்சிங் போக நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி வைத்திருந்தார்கள். குழாயை விட்டோம். வெள்ளைச் சுவரில் பழுப்பு ஏறியது. காற்று மோட்டாரைப் போட்டேன். சந்தனப் பொட்டு அதிர்ந்து உதிர்ந்தது. "பொழைக்குங்களா?" என்று மேடம் கேட்டார். "மூணு நாள் பார்க்கணுங்க," என்றேன். இனிமேல் யாரும் கழுவக் கூடாது என்று மூடியின் மேல் எழுதி ஒட்டச் சொன்னேன். அவர் ஏற்கெனவே ஒட்டியிருந்தார்.

ஒரு லாரிதான் கொண்டுபோக முடிந்தது. அவர்கள் தொட்டி அவ்வளவுதான் கொள்ளும். மீதி என்னிடமே இருந்தது.

பன்னிரண்டு மணி

முப்பதாம் தேதி காலையில் எங்கள் தெருக் குழாயை மாற்றிவிட்டார்கள். அன்று முதல் தரமாக என் வீட்டுத் தண்ணீர் என்னிடம் வரவில்லை. நான் வழக்கம்போல வெல்லம் கரைத்து ஊற்றினேன். அவசியமே இல்லை. ஆனாலும் ஊற்றினேன்.

மின்வாரியத்துக்காரர் ஒருவர் வந்து கம்பத்தடியில் நின்றார். "நிறுத்திட்டீங்களா சார்?" என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

சத்தம் நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் என்று தெரிந்தது. ஆற்றுப் பக்கம் கொக்கு ஒன்று கத்தியது கேட்டது. தொட்டியில் குமிழி நின்றது. பழுப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது, ஜாடியில் இறங்குகிற மாதிரியே, ஆனால் ஒரு வீடு அகலத்துக்கு. மேலே தெளிந்த தண்ணீர். பார்க்க அவ்வளவு அழகாக அந்தத் தொட்டி என்றைக்குமே இருந்ததில்லை. செத்துப்போகப்போகிற தொட்டி. அதைத் தெரியாத யார் பார்த்தாலும் இப்போதுதான் சுத்தமாகியிருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

படியில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. கோகிலா மேடம்.

"ஏனுங்ணா, சீக்கிரம் வாங்க. தொட்டியில வெள்ளையா நுரை பொங்குது. மூடியத் தாண்டி வெளிய வழியுது. என்னமோ தப்பாப் போச்சுங்க. எல்லாரும் என்னையக் கேக்கறாங்க."

"என்ன வாசனை வருது மேடம்?"

அந்தப் பக்கம் காலடிச் சத்தம், இரும்புக் கதவு திறக்கிற சத்தம். பிறகு மூச்சை இழுப்பது மட்டும் கேட்டது.

"மண்ணு வாசம்," என்றார்.

"ஒண்ணும் தப்பில்லீங்க. புது எடம், அதான் நுரை. ஒரு வாரத்துல அடங்கிடும். அவங்க சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். பிறகு என் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.